முதல் விளம்பரத்துக்கு 200 டாலர்... சமையலறை மேஜையில் பிறந்த சாஃப்ட்வேர் கம்பெனி!

போனில் விரலை மேலே தள்ளினால் பத்து நொடிக்கு ஒரு ஆப் விளம்பரம் வருகிறது. பிடிக்கவில்லை என்றால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். விளம்பரம் போட்டவருக்கும் பெரிய நஷ்டமில்லை. இன்று போட்டது சரியில்லை என்றால் நாளை காலையில் மாற்றிவிடலாம்.

ஆனால், ஒரு காலத்தில் சாஃப்ட்வேரை விற்க இருந்த முக்கியமான வழி, பத்திரிகையில் விளம்பரம் போடுவதுதான். அச்சில் ஏறிவிட்டால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. கையில் இருந்த காசையெல்லாம் அந்த ஒரு துண்டு இடத்துக்குக் கொடுத்துவிட்டு, தபால்காரர் வருவாரா, போன் அடிக்குமா என்று வீட்டில் காத்திருந்தவர்கள் உண்டு. அப்படிக் காத்திருந்த சிலரின் கதை இது. சொந்தமாக ஒரு ஆப், ஒரு சின்ன பில்லிங் சாஃப்ட்வேர் செய்து வைத்துக்கொண்டு, "இதை நாலு பேருக்கு எப்படிச் சொல்வது?" என்று யோசிப்பவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

சமையலறை மேஜையில் ஒரு கொலை

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சிமி வேலி என்ற ஊர். கென் வில்லியம்ஸ் கம்ப்யூட்டர் புரோகிராமர். மனைவி ரோபர்ட்டா, வீட்டில் இரண்டு சின்னப் பையன்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரோடு தொலைபேசி வழியாக இணையும் ஒரு கருவியை கென் ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் 'கொலோசல் கேவ் அட்வெஞ்சர்' என்ற விளையாட்டு இருந்தது. படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். "நீ ஒரு குகைக்குள் இருக்கிறாய்" என்பதுபோல கம்ப்யூட்டர் சொல்லும். "வடக்கே போ", "விளக்கை எடு" என்று நாம் தட்டச்சு செய்ய வேண்டும்.

விளையாட ஆரம்பித்த ரோபர்ட்டாவால் நிறுத்த முடியவில்லை. முடித்த பிறகு வேறு விளையாட்டு தேடினார். கிடைத்தது எதுவும் அவருக்குப் போதவில்லை. சரி, நாமே ஒன்று செய்துவிடலாம் என்று சமையலறை மேஜையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு எழுத உட்கார்ந்தார். ஒரு பழைய பங்களா, அதில் அடைபட்ட ஏழு பேர், ஒவ்வொருவராகக் கொலை செய்யப்படுகிறார்கள். கொலைகாரர் யார்? அகதா கிறிஸ்டி பாணிக் கதை.

புரோகிராம் எழுத வேண்டியவர் கென். அவருக்கோ இந்த விளையாட்டில் ஆர்வமில்லை. ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வேறொரு தொழில்முறை சாஃப்ட்வேர் எழுதும் திட்டத்தில் இருந்தார். ரோபர்ட்டா கணவரை இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே அழைத்துப்போய், மொத்தக் கதையையும் சொல்லி முடித்தார். கதை பிடித்துப்போனது. கூடவே கென்னுக்கு ஒரு யோசனையும் வந்தது. 'எல்லோரும் வெறும் எழுத்தை வைத்து விளையாட்டு செய்கிறார்கள். நாம் படம் சேர்த்தால் என்ன?'

கோட்டுப் படங்கள்தான். சிறு பிள்ளை பென்சிலால் வரைந்தது போலத்தான் இருக்கும். ஆனாலும் 70 படங்களை ஒரே ஃப்ளாப்பியில் அடக்கிவிட்டார் கென். விளையாட்டுக்கு 'மிஸ்டரி ஹவுஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

சாஃப்ட்வேர் தயார். யாரிடம் விற்பது?

எட்டுப் பேர் போதாது... ஒன்பது பேர் வேண்டும்!

வேறு கம்பெனியிடம் கொடுத்துவிட்டு ராயல்டி வாங்கிக்கொள்வது ஒரு வழி. நாமே விற்பது இன்னொரு வழி. அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். 'ஆன்லைன் சிஸ்டம்ஸ்' என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார்கள். பெயர்தான் கம்பெனி, மற்றபடி வீடுதான் ஆபீஸ்.

1980 மே மாதம், 'மைக்ரோ' என்ற பத்திரிகையில் சுமார் 200 டாலர் கொடுத்து ஒரு சிறிய விளம்பரம் போட்டார்கள். பெரிய பத்திரிகை அல்ல அது. 6502 என்ற சிப் பொருத்திய கம்ப்யூட்டர்களை வைத்திருப்பவர்களுக்காகவே வந்த இதழ். ஆப்பிள் 2 கம்ப்யூட்டரின் உள்ளே இருந்ததும் அதே சிப்தான். அதாவது, விற்கும் பொருளை ஓட்டிப்பார்க்கக் கூடியவர்கள் மட்டுமே படிக்கும் பத்திரிகை. லட்சம் பேர் படிக்கும் நாளிதழில் போட்டிருந்தால், அதில் எத்தனை பேர் வீட்டில் 1980-ல் கம்ப்யூட்டர் இருந்திருக்கும்?

விளையாட்டின் விலை 24.95 டாலர். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டுப் பேர் வாங்கினால் 199 டாலர் 60 சென்ட். விளம்பரக் காசுக்கே 40 சென்ட் குறைகிறது. ஒன்பதாவது ஆள் வாங்கினால்தான் விளம்பரச் செலவாவது திரும்பும். ஃப்ளாப்பி, தபால் செலவெல்லாம் தனி.

நம் ஊரில் பலகாரம் போட்டு விற்கும் வீடுகளில் போடும் அதே கணக்குதான். 'எத்தனை பாக்கெட் போனால் கைக்காசு வரும்?' விளம்பரத்தின் டிசைன் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்னால், இந்த எண்ணைத் தாளில் எழுதிப் பார்ப்பதுதான் முதல் வேலை. இருபது பேர் வாங்கினால் போதும் என்றால் ஒரு மாதிரியான விளம்பரம், ஆயிரம் பேர் வேண்டும் என்றால் வேறு மாதிரி.

விளம்பரம் வெளிவந்தது, போன் அடிக்க ஆரம்பித்தது. ஃப்ளாப்பியையும் குறிப்புத் தாளையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பினார்கள். சமையலறையில் காய்கறி போட்டு வைப்போமே, அதே பைதான். கடைகளுக்கு கென்னே காரில் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கியவர்கள், "மேலே போக வழி தெரியவில்லை, ஒரு குறிப்பு கொடுங்களேன்" என்று வீட்டுக்கே போன் செய்தார்கள்.

மே மாதம் வந்த வருமானம் 11,000 டாலர். ஜூனில் 20,000. ஜூலையில் 30,000. அந்த வருடமே குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு, யோசெமிட்டி மலைப்பகுதிக்குப் பக்கத்தில் குடியேறியது. கம்பெனி பிற்பாடு 'சியரா ஆன்லைன்' ஆனது. 'கிங்ஸ் குவெஸ்ட்' விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? அதைச் செய்தவரும் இதே ரோபர்ட்டாதான்.

கத்தரிக்கோல், பசை, பயம்

இன்று போனிலேயே போஸ்டர் செய்துவிடுகிறோம். அன்று ஒரு சிறு விளம்பரம் தயாரிப்பது கைவேலை. தலைப்பு எழுத்துகளைத் தேய்த்து ஒட்டும் தாளிலிருந்து ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுக்க வேண்டும். மற்ற வரிகளைத் தட்டச்சு செய்து, கத்தரித்து, அளவு பார்த்து ஒட்ட வேண்டும். ஒட்டிய அட்டையை அப்படியே கேமராவில் படம் பிடித்து அச்சுக்குக் கொண்டு போவார்கள். 'பேஸ்ட் அப்' என்று இதற்குப் பெயர். நம் ஊர் அச்சகங்களில் வேலை பார்த்த பெரியவர்களிடம் கேட்டால், பசை வாசனையோடு சொல்வார்கள்.

இதில் பெரிய சிக்கல் நேரம். மாத இதழ் என்றால், பல வாரங்களுக்கு முன்பே விளம்பரத்தைக் கொடுத்துவிட வேண்டும். சாஃப்ட்வேர் இன்னும் முடியாமல் இருக்கும், ஆனால் விளம்பரம் அச்சுக்குப் போய்விடும். இதழ் வெளிவரும் நாளில் பொருள் கையில் இல்லை என்றால்? அமெரிக்காவில் 1975-லேயே ஒரு விதி வந்துவிட்டது. தபால் வழி விற்பவர்கள், எத்தனை நாளில் அனுப்புவோம் என்று சொல்லவில்லை என்றால் 30 நாள்களுக்குள் அனுப்பியாக வேண்டும். முடியவில்லை என்றால் வாங்கியவரிடம் சம்மதம் கேட்க வேண்டும் அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

ஆக, முதல் விளம்பரம் என்பது ஒரு வாக்குறுதி. அச்சில் கொடுத்த வாக்குறுதி.

விளம்பரம் ஜெயித்தது... மனிதர் களைத்துப்போனார்!

விளம்பரம் தோற்றால் கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜெயித்தால் வரும் கஷ்டத்தை அனுபவித்தவர் வெய்ன் ராட்லிஃப்.

அவர் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்த்தவர். ஆபீஸில் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி முடிவுகளை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். அதில் ஜெயிக்க, பேப்பரில் வரும் புள்ளிவிவரங்களைக் கையால் அலசிச் சலித்துப்போன ராட்லிஃப், அவற்றைச் சேர்த்துவைத்துத் தேட ஒரு சாஃப்ட்வேர் எழுதத் தொடங்கினார். 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் ஸ்பாக்கின் இனத்தின் பெயரான 'வல்கன்' என்பதையே அதற்கு வைத்தார்.

1979 அக்டோபரில் 'பைட்' பத்திரிகையில் முதல் விளம்பரம் போட்டார். அவர் சமாளிக்க முடியாத அளவுக்குக் கடிதங்கள் வந்தன. பகலில் வேலை. வீட்டுக்கு வந்ததும் கடிதங்களைப் பிரிப்பது, ஆர்டரை எழுதுவது, ஃப்ளாப்பியில் நகல் எடுப்பது, பொட்டலம் கட்டுவது, தபாலில் சேர்ப்பது. நடுவில் சாஃப்ட்வேரில் பிழை என்று புகார் வந்தால் அதைத் திருத்துவது. அடுத்த விளம்பரத்தை எழுதுவதும் அவரேதான். எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்.

1980 கோடையில் போதும் என்றாகிவிட்டது. விளம்பரத்தை நிறுத்திவிடுவது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டும் உதவி செய்வது, தானாக அடங்கட்டும் என்று முடிவெடுத்தார். பொருள் சரியில்லாமல் அல்ல, வாங்க ஆள் இல்லாமலும் அல்ல. கூட ஒரு கை இல்லாமல் ஒரு தொழில் நின்றுபோக இருந்தது.

அப்போதுதான் ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லி என்ற இருவர் வந்து, "நாங்கள் விற்றுத் தருகிறோம்" என்றார்கள்.

முதல் பாகமே வராத 'இரண்டு'

அவர்கள் முதலில் செய்த காரியம், ஹால் பாவ்லக் என்ற விளம்பரக்காரரைப் பிடித்தது. அவர் வல்கன் என்ற பெயரை எடுத்துவிட்டு 'டிபேஸ் 2' என்று வைத்தார். 'டிபேஸ் 1' என்று ஒன்று வரவே இல்லை! 2 என்று போட்டால், ஏற்கெனவே ஒருமுறை வந்து, குறைகளைத் திருத்திய சரக்கு என்று தோன்றும் அல்லவா? கம்பெனிக்கு 'ஆஷ்டன் டேட்' என்று பெயர். டேட் இருந்தார், ஆஷ்டன் என்று யாரும் கிடையாது. கேட்க நன்றாக இருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த விளம்பரமும் ஒரு கதை. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பின் படத்தைப் போட்டு, 'டிபேஸ் 2-வா, பம்பா?' என்கிற மாதிரித் தலைப்பு. ஆங்கிலத்தில் 'உறிஞ்சுவது' என்ற சொல்லுக்கே பேச்சுவழக்கில் 'உதவாக்கரை' என்றும் பொருள் உண்டு. பம்பு உறிஞ்சும், அதுபோலத்தான் பல சாஃப்ட்வேர்களும் என்று கிண்டல். 695 டாலர் விலையுள்ள சாஃப்ட்வேரை, கம்ப்யூட்டர் படமே இல்லாமல் ஒரு தண்ணீர் பம்பை வைத்து விற்றார்கள். பக்கம் பக்கமாகக் கம்ப்யூட்டர் படங்கள் நிறைந்த பத்திரிகையில், கண்ணில் பட்டது பம்புதான்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். அதே சாஃப்ட்வேர், அதே மனிதர் எழுதியது. தனியாளாக விற்றபோது அவரை முடக்கிப் போட்டது, சரியான கூட்டாளிகள் கிடைத்ததும் அந்தக் காலத்தின் மிகப் பெரிய சாஃப்ட்வேர்களில் ஒன்றானது. நம் ஊரில் 90-களில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்கள் 'டிபேஸ்' என்ற பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஃபீஸ் கட்டிப் படித்த பாடமாயிற்றே!

பெயரே இல்லாத பொருளை எப்படி விளக்குவது?

விளையாட்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால், உலகில் இதுவரை இல்லாத ஒன்றை விற்க வேண்டும் என்றால்?

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லினும், நண்பர் பாப் ஃப்ராங்ஸ்டனும் 'விசிகால்க்' செய்தார்கள். கட்டம் கட்டமாக எண்களைப் போட்டு, ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறும் கணக்குத் தாள். இன்று நாம் பயன்படுத்தும் எக்ஸெலுக்கு முன்னோடி. 1979-ல் இதை ஒரு வரியில் எப்படிச் சொல்வது? 'எலெக்ட்ரானிக் கணக்குத் தாள்' என்றால் யாருக்கும் எதுவும் புரியாது.

அதை வெளியிட்ட 'பர்சனல் சாஃப்ட்வேர்' கம்பெனி விளக்கவே முயலவில்லை. 1979 மே மாத 'பைட்' இதழில் வந்த முதல் விளம்பரத்தில் பெயரைப் போட்டு, இது இல்லாமல் இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆர்வத்தைக் கிளப்பிவிடுவது மட்டும்தான் நோக்கம். விளக்கம் பிறகு கடைகளில், கண்காட்சிகளில், கண்ணால் பார்க்கும்போது கிடைத்தது. பார்த்தால்தான் புரியும் என்ற பொருளுக்கு அது சரியான வழி.

ஆனால் எல்லோருக்கும் இது ஒத்துவராது. அடுத்தடுத்து விளம்பரம் போட வசதி இருப்பவர்தான் முதல் விளம்பரத்தில் புதிர் போடலாம். ஒரே ஒரு விளம்பரத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், எல்லாவற்றையும் அதிலேயே சொல்லியாக வேண்டும்.

விலையே தலைப்பு!

பிரான்ஸிலிருந்து அமெரிக்கா வந்தவர் ஃபிலிப் கான். அவருடைய சின்ன கம்பெனி 'போர்லேண்ட்'. 'டர்போ பாஸ்கல்' என்ற புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேரை 1983 நவம்பரில் 'பைட்' பத்திரிகை விளம்பரத்தின் மூலம் தபாலில் விற்றார்கள். விலை 49.95 டாலர். இதே வேலைக்கு மற்றவர்கள் நூற்றுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த நேரம். அந்த விலையைப் பார்த்தாலே போதும், வேறு வர்ணனை தேவையில்லை.

விளம்பரத்துக்குக் கொடுக்கக் கையில் காசில்லாததால் என்ன செய்தார்கள் என்பதை, பின்னாளில் ஒரு பேட்டியில் கான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பத்திரிகையின் விளம்பரப் பிரதிநிதி வரும் நாளில் ஆபீஸில் ஆள்களை நிரப்பி, பரபரப்பாக நடமாட விட்டார்களாம். எந்தெந்தப் பத்திரிகையில் விளம்பரம் என்ற ஒரு பட்டியலைத் தயாரித்து, அதில் 'பைட்' பெயரை அடித்து வைத்தார்களாம். அதைப் பார்த்த பிரதிநிதி பதறிப்போய், பணம் பிறகு கொடுங்கள் என்று கடனுக்கு இடம் கொடுத்தாராம். 20,000 டாலருக்கு விற்றால் விளம்பரச் செலவுக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்த இடத்தில், ஒன்றரை லட்சம் டாலருக்கு விற்றது என்பது கான் சொன்ன கணக்கு.

கேட்க சுவாரஸ்யம்தான். ஆனால் அந்த விளம்பரம் எடுபடாமல் போயிருந்தால், இதே கதைக்கு வேறு பெயர். கடன் சொல்லி விளம்பரம் போட்டுவிட்டு ஏமாற்றியவர் என்றுதான் ஊர் பேசியிருக்கும். நாடகத்தை விட்டுவிடுவோம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த 49.95-ஐ. விலை உங்கள் பலம் என்றால், அதைக் கீழே சின்ன எழுத்தில் ஒளித்துவைக்கக் கூடாது.

உங்கள் வீட்டிலிருந்து ஒரு விளம்பரம்

சரி, இன்றைக்கு வருவோம். உங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் மகள் ஒரு ஆப் செய்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்களின் அளவு, டெலிவரி தேதி, பாக்கித் தொகை மூன்றையும் போனில் குறித்துவைக்கும் ஆப். ஊர்ப் பத்திரிகை ஒன்றிலோ, தையல் கலைஞர் சங்கத்தின் மலரிலோ கால் பக்கம் விளம்பரம் போடப் போகிறாள். எப்படிச் செய்வது?

1. யார் படிக்கிறார்கள்? 'மைக்ரோ' இதழ் சொல்லும் பாடம் இது. ஆயிரம் தையல் கடைக்காரர்கள் புரட்டும் சங்க மலர், ஒரு லட்சம் பேர் புரட்டும் பத்திரிகையைவிட இந்த ஆப்புக்கு நல்லது. காசும் குறைவு.

2. தலைப்பு அவர்கள் வாயில் வரும் வார்த்தையாக இருக்கட்டும். 'அதிநவீன தையலக மேலாண்மைச் செயலி' என்றால் யாரும் நிற்க மாட்டார்கள். 'தீபாவளிக்கு முந்தின நாள் அளவு நோட்டைத் தேடுகிறீர்களா?' என்றால், தேடிய அனுபவம் உள்ள அத்தனை பேரும் நிற்பார்கள். விளம்பர உலகின் ஜாம்பவான் டேவிட் ஓகில்வி, உள்ளே இருப்பதைப் படிப்பவர்களைப்போல ஐந்து மடங்கு பேர் தலைப்பை மட்டும் படிக்கிறார்கள் என்று சொல்லிவந்தார். எனவே, பாதி நேரத்தைத் தலைப்புக்கே கொடுக்கலாம்.

3. ஒரே படம். ஆப்பின் ஆறு பக்கங்களையும் வரிசையாகப் போட ஆசையாக இருக்கும். கால் பக்கத்தில் ஆறும் தபால்தலை அளவில்தான் வரும். ஒன்று போதும். அதிலும் ஒரு கணக்கு உண்டு. நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். 1080 புள்ளி அகலமுள்ள போன் திரையைப் படம் பிடித்தால், அச்சில் சுமார் 9 சென்டிமீட்டர் அகலம் வரைதான் தெளிவாக இருக்கும். அதற்கு மேல் பெரிதாக்கினால் மங்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் என்றால் இன்னும் மோசம். அனுப்பும்போதே அது சுருங்கிவிடும்.

4. நிறம் ஏமாற்றும். போன் திரை ஒளியால் ஆனது, அச்சு மையால் ஆனது. திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் தாளில் மங்கலாகத்தான் வரும். கறுப்புப் பின்னணியில் பொடி வெள்ளை எழுத்தும் வேண்டாம். நியூஸ்பிரிண்ட் தாளில் மை பரவி எழுத்தை அடைத்துவிடும்.

5. தமிழுக்கென்று தனிச் சோதனை. யுனிகோடில் அடித்த தமிழைச் சில பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர்கள் சரியாகக் காட்டாது. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். எழுத்துருவைச் சேர்க்காமல் கொடுத்தால் அச்சகத்தில் அத்தனையும் வேறு எழுத்தாக மாறிவிடும். எழுத்துருவை உள்ளே பதித்த பி.டி.எஃப் ஆகக் கொடுப்பதே பத்திரம். அச்சுக்கு முன் புரூஃப் வாங்கி, தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

6. அடுத்து என்ன செய்ய வேண்டும்? படித்தவர் போன் செய்ய வேண்டுமா, ஸ்கேன் செய்ய வேண்டுமா? ஒன்றைப் பெரிதாகச் சொல்லுங்கள். கியூ.ஆர் கோடு போட்டால் குறைந்தது 2 சென்டிமீட்டர் அகலமாவது இருக்கட்டும், சுற்றிலும் வெள்ளை இடம் விடுங்கள். திரையில் ஸ்கேன் ஆகிறதா என்று பார்த்தால் போதாது. தாளில் அச்சடித்துப் பாருங்கள். போன் எண்ணை, புரூஃபைப் பார்த்தே ஒருமுறை டயல் செய்து பாருங்கள். தவறான எண்ணோடு அச்சாகிவிட்டால், போகும் காசைவிட, யாரோ ஒருவர் வீட்டுப் போன் நாள் முழுக்க அடிப்பது பெரிய பாவம்.

7. எங்கிருந்து வந்தார் என்று கண்டுபிடியுங்கள். 'பைட்' பத்திரிகையில் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு எண் உண்டு. வாசகர் இதழோடு வரும் அட்டையில் அந்த எண்ணை வட்டமிட்டு அனுப்பினால், விவரம் வீடு தேடி வரும். எந்த விளம்பரத்துக்கு எத்தனை பேர் கேட்டார்கள் என்று விளம்பரதாரருக்கும் தெரிந்துவிடும். இன்று ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனித் தனி கியூ.ஆர் கோடு கொடுத்தாலே அதே வேலை முடிந்தது. அல்லது, "இந்த விளம்பரத்தைக் காட்டினால் முதல் மாதம் இலவசம்" என்று சொல்லலாம்.

8. ராட்லிஃப்பை மறக்காதீர்கள். இதழ் வெளிவரும் வாரத்தில் போனை யார் எடுப்பது? ஆப் நின்றுபோனது என்று ஒருவர் அழைத்தால் யார் பதில் சொல்வது? வீட்டில் ஒருவரையாவது முன்கூட்டியே கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் கல்யாணமோ, செமஸ்டர் பரீட்சையோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10,000 பேர் சேர்ந்து போட்ட விளம்பரம்

கையில் காசில்லை, ஆனால் ஆள்பலம் இருக்கிறது என்றால்? அதற்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 2004 நவம்பரில் 'ஃபயர்ஃபாக்ஸ்' இணைய உலாவியின் 1.0 பதிப்பு வந்தது. இலவச சாஃப்ட்வேர், விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. அதை விரும்பிப் பயன்படுத்தியவர்களிடமே கேட்டார்கள். ஏறக்குறைய 10,000 பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். 2004 டிசம்பர் 16 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் இரண்டு பக்க விளம்பரம் வந்தது. பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் பொடி எழுத்தில் அதில் அச்சாகியிருந்தன.

இணையத்திலேயே பிறந்து, இணையத்திலேயே பரவிய ஒரு சாஃப்ட்வேர், தன்னை ஊருக்கு அறிவிக்கக் காகிதத்தைத் தேடிப் போனது. தள்ளிவிட்டால் மறைந்துபோகும் விளம்பரங்களுக்கு நடுவில், கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரு தாளுக்கு இன்னும் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

ஒன்பதாவது ஆள்

'மிஸ்டரி ஹவுஸ்' ஏறக்குறைய 10,000 பிரதிகள் விற்றதாகச் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் கதைகளைத் தேடிப் படித்தபோது, என் மனதில் நின்றது அந்தப் பெரிய எண் இல்லை. போட்ட காசு திரும்பத் தேவைப்பட்ட அந்த ஒன்பதாவது ஆள்தான். அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. எங்கோ ஒரு வீட்டில் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ஒரு மூலையில் இருந்த சின்ன விளம்பரத்தைப் பார்த்து நின்றிருக்கிறார். பெயர் தெரியாத ஒரு கம்பெனியை நம்பி 24.95 டாலர் கொடுத்திருக்கிறார்.

முதல் விளம்பரத்தை வடிவமைக்க உட்காரும்போது, லட்சம் பேரை நினைத்துக்கொண்டால் கை நடுங்கும், வார்த்தைகள் பெரிதாகும், 'அதிநவீன', 'உலகத்தரம்' எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒரு ஆளை மட்டும் நினைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். அவருக்கு என்ன கஷ்டம், உங்கள் சாஃப்ட்வேர் அதை எப்படித் தீர்க்கும், விலை என்ன, யாரைக் கேட்பது? கால் பக்கத்துக்கு இவ்வளவு போதும்.

அப்புறம், புரூஃபில் போன் எண்ணை இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள்!